ஆறுகால் முயல்களின் ஓய்வு நேரம்

ஆறுகால் முயல்கள் நண்பகலுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் வளையை விட்டு வெளியே வருவதில்லை என்று, அந்தக் கோளில் முதலில் இறங்கிய வேலாயுதம் எழுதிவைத்திருந்தார். அது ஏன் என்று விளக்கியே பலர் முனைவர் பட்டம் வாங்கிவிட்டார்கள். வசந்தகோகிலத்தின் ஆய்வும் அதுதான். அடுத்த வாரம் சமர்ப்பிக்க வேண்டும்.

அன்று அரிசி தீர்ந்துபோய் வெறும் ரொட்டி சாப்பிட்டதால் அவளுக்கு வழக்கமான மதியத் தூக்கம் வரவில்லை. எழுந்துபோய்க் கூடாரத்தின் வாசல் திரையை விலக்கினாள். வெளியே கூட்டம் கூட்டமாக முயல்கள்.

குறட்டை விட்டுக்கொண்டிருந்த மூத்த ஆய்வாளர் தணிகாசலத்தை உலுக்கினாள்.

“சார், எல்லாம் வெளியதான் இருக்கு! வேலாயுதம் ஐயா சாப்ட்டுட்டுப் படுத்துத் தூங்கியிருக்காரு சார்!”

அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார்.

“திரையை மூடும்மா. நானும் அதுலதான் பட்டம் வாங்கினேன்.”

அவள் மூடவில்லை. முயல்கள் கூடாரத்தைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருந்தன. முன்னால் நின்ற ஒன்று, தணிகாசலத்தின் கட்டிலை ஒரு காலால் சுட்டிக்காட்டி, கீச்சுக்குரலில் எதையோ விளக்கிக்கொண்டிருந்தது. அவள் விழித்து நிற்பதைக் கண்டதும் அதன் குரல் நின்றது. மற்ற முயல்களெல்லாம் அதைத் திரும்பிப் பார்த்தன.

அது அவசரமாக ஓடிவந்து, திரையை இழுத்து மூடியது.