எலிக்குப் பூனைக்காலி

தாய் எலி மோப்பம் பிடித்துவிடக் கூடாது.

அதற்காகவே இன்றைக்கு அவள் பூ வைக்கவில்லை, பவுடர் போடவில்லை. அந்நிய வாசனை பட்டால் பெற்ற குட்டிகளையே தின்றாலும் தின்றுவிடும். பெட்டிக்குள் கிடந்த உமியை அள்ளிக் கையுறையில் தேய்த்துக்கொண்டாள்.

ஆய்வக அலமாரியின் அடித்தட்டில் இருந்த பெட்டி அது. இந்தக் குட்டிகளின் தகப்பனுக்குத்தான் பூனைக்காலி விதைப்பொடியை ஆக அதிகமாகக் கொடுத்தார்கள். ஆண்மைக்கு நல்லது என்று ஊரெல்லாம் விற்கிற பொடி. நல்லதோ இல்லையோ, கெடுதல் உண்டா என்று பார்ப்பது இந்த ஆய்வகத்தின் வேலை.

ஆய்வு முடியட்டும் என்று வீட்டில் தலைபாடாய் அடித்துக்கொண்டாள். கணவன் கேட்டால்தானே? பாலில் கலந்து கலந்து குடித்தான்.

அவனுக்குச் சொல்ல அவளிடம் ஒரு சேதி இருக்கிறது. இந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று வைத்திருக்கிறாள்.

எலி கொஞ்சம் நகர்ந்தது.

குட்டிகள்! செக்கச்செவேலென்று, நெளிந்துகொண்டு.

ஒவ்வொன்றாக எடுத்தாள். நாலு காலும் சரி. வால் சரி. வாய்க்குள் பிளவு இல்லை. அடுத்தது. அதற்கடுத்தது. அவளுக்குச் சிரிப்புச் சிரிப்பாக வந்தது.

கடைசிக் குட்டி அசையவில்லை.

வெளுத்துக் கிடந்தது.

ஐயோ, இது மட்டும் வேண்டாம் சாமி.

உள்ளங்கையில் பொத்தி வைத்து விரலால் மெல்ல நீவினாள். நீவிக்கொண்டே இருந்தாள்.

உதைத்தது.

அடி சமர்த்தே!

தாயிடம் விட்டாள். முட்டி மோதி ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில், மெல்லிய தோலுக்கு உள்ளே, வயிற்றில் வெள்ளையாகப் பால் தெரிந்தது.

ஒரு பெட்டியை வைத்து முடிவு சொல்லக் கூடாது. மாணவர்களிடம் அவளே ஓயாமல் சொல்வதுதான். இருக்கட்டும். இன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மத்தியானம் ஆய்வகம் முழுக்கப் பால்கோவா கொடுத்தாள்.

கூட வேலை பார்க்கும் ஜெபசீலி வாய் நிறையப் போட்டுக்கொண்டு கேட்டாள்.

"ஏட்டி, எலி பெத்ததுக்கெல்லாம் யாராவது இனிப்பு குடுப்பாளா?"

அவள் சிரித்தாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகையும் கூடவே வந்துவிட்டது.

ஜெபசீலி மெல்வதை நிறுத்தினாள். அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பார்வை அவள் வயிற்றில் வந்து நின்றது.

பிறகு எழுந்து, தன் நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டாள்.