மோட்டார் நின்ற பிறகு

மாலை ஏழரை மணி. ஒலக்கூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லையை ஒட்டிய களத்தில் தீனதயாளனின் தொலைநோக்கி நிற்கிறது. அதன் முதுகில் இரவல் வாங்கிய ஒரு சின்னக் குழாய். அதிலுள்ள கேமரா ஒரே நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, தொலைநோக்கி வழி தவறாமல் திருத்த வேண்டும். நாளை காலை அதைத் திண்டிவனத்து நண்பரிடம் திருப்பித் தர வேண்டும். இதே மாதிரி ஒன்று வாங்குவதா வேண்டாமா என்று இன்றே முடிவாக வேண்டும். மடிக்கணினித் திரையில் அந்த நட்சத்திரம் துள்ளிக்கொண்டே இருக்கிறது. எடுத்த படங்களிலெல்லாம் நட்சத்திரங்கள் கோடுகளாக இழுபட்டிருக்கின்றன. "குழாய்தான் சரியில்லக்கா," என்கிறார் தீனதயாளன். அந்தக் கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்ச வந்த கெங்கம்மாள் சிரிக்கிறார். "மொதல்ல செருப்பக் கழட்டிட்டு நில்லு தம்பி. எங்க மோட்டாரு ஓடிக்கினு இருக்குது, தரையே அதிருது." மோட்டார் ஓடத் தேவையான மும்முனை மின்சாரம் எட்டு மணிக்குப் போய்விடும். அப்படியும் கெங்கம்மாள் மோட்டார் கொட்டகைக்கு நடந்துபோய் சுவிட்சை அணைக்கிறார். தவளைகளின் சத்தம் மேலெழுகிறது. திரையில் நட்சத்திரம் அசையாமல் நிற்கிறது. ஐந்து நிமிடம் கழித்து வந்த படத்தில் எல்லா நட்சத்திரங்களும் கோலப்புள்ளிபோல வட்டமாக இருக்கின்றன. இதே மாதிரிக் குழாய் போதும், வாங்கிவிடலாம். தீனதயாளன் மணியைப் பார்க்கிறார். பிறகு கொட்டகைப் பக்கம் குரல் கொடுக்கிறார். "மோட்டாரப் போடுங்கக்கா, கரண்டு போயிடும்." இருட்டிலிருந்து பதில் வருகிறது. "இன்னொரு படம் எடுத்துக்க தம்பி. மல்லாட்ட எங்கியும் ஓடிப்போயிடாது."