ஒன்பதாம் வரி

விபத்தன்று காலை ஓட்டுநர் நிரப்பிய வண்டிச் சோதனைத் தாளை மட்டும் எடுத்து வரச் சொல்லியிருந்தார் அதிகாரி. பதினொரு மணிக்கு விசாரணை.

தேடி எடுக்க இரண்டு நிமிடம் போதும். பட்டியல்காரர் அரை மணி நேரமாக அலமாரி முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

ராணுவ வண்டிப் பட்டறையில் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எந்த வண்டிக்கு என்ன பராமரிப்பு வேலை, எத்தனை நாளுக்கு ஒருமுறை, அதை யார் செய்யவேண்டும் என்று கட்டம் போட்டு எழுதுவது அவர் உத்தியோகம். அவர் எழுதாமல் அங்கே ஒரு திருகாணிகூடத் திரும்பாது.

செத்துப்போன ஓட்டுநருக்கும் பட்டறை வைத்த பெயர்தான் நிலைத்தது. நிதானம். காலி ரோட்டிலும் நாற்பதைத் தாண்டமாட்டான். மாட்டு வண்டிகூட உன்னை முந்திவிடும் என்று கேலி செய்வார்கள், அதற்கும் சிரிப்பான். அப்படிப்பட்டவன் மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போய்விட்டான்.

பிரேக் குழாயில் கசிவு உண்டா என்று பார்ப்பது பட்டியலில் ஒன்பதாம் வரி. பின் அச்சுக்கு மேலே ஒளிந்து ஓடுகிற குழாய் அது. லாரியைப் பட்டறைக் குழிமேல் நிறுத்தி, குழிக்குள் இறங்கி விளக்கடித்தால்தான் கண்ணுக்குத் தெரியும். மாதம் ஒருமுறை மெக்கானிக் பார்க்கவேண்டிய வேலை.

இரண்டு மாதத்துக்கு முன் மூன்று மெக்கானிக்குகளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். இருக்கிற ஆளுக்கும் வேலைக்கும் கணக்கு உதைத்தது. பட்டியல்காரர் ஏழு வேலைகளைத் தூக்கி ஓட்டுநர்கள் தலையில் கட்டினார். அதில் இதுவும் ஒன்று. மனசு உறுத்தியதால், மாதம் ஒருமுறை என்பதைத் தினமும் என்று மாற்றி எழுதினார். காகிதத்தில் பார்த்தால் முன்னைவிடப் பத்திரம். அதிகாரி முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ஓட்டுநர்களுக்குக் குழி தருவதில்லை என்பதை எழுதப் பட்டியலில் கட்டம் எதுவும் இல்லை.

தாளை உருவினார். ஒன்பதாம் வரியில் டிக் இருந்தது.

அப்பாடா என்று மூச்சு வந்தது. பார்த்துவிட்டேன் என்று அவனே போட்டிருக்கிறான். இனி இது ஓட்டுநரின் அலட்சியம். ஓய்வுபெற எட்டே மாதம் இருக்கிற தன் தலை தப்பும். அவன் மனைவிக்கு ஓய்வூதியம் கிடைக்காது, குடியிருக்கும் குவார்ட்டர்ஸையும் காலி செய்யச் சொல்வார்கள். அது நினைவுக்கு வந்ததும் அந்த மூச்சுக்காகவே வெட்கப்பட்டார்.

ஆனால் கை சும்மா இருக்கவில்லை. விபத்துக்கு முந்தின நாள் தாளைப் பார்க்காமல் தள்ளிவிட்டு, அதற்கு முந்தையவற்றைப் புரட்டியது.

முதல் நாளே எழுதியிருந்தான், குழியில் ஏற்றினால்தான் தெரியும் என்று. மறுநாள், தெரியவில்லை, குழி வேண்டும். அப்புறம் வெறும் 'தெரியவில்லை', நாள் தவறாமல், குண்டு குண்டான எழுத்தில். ஒவ்வொரு தாளின் அடியிலும், படித்துப் பார்த்ததற்கு அடையாளமாக, பட்டியல்காரரின் கையெழுத்து.

மாலையில் நாற்பது வண்டிகளின் தாள்களையும் சீட்டுக்கட்டைப் போலச் சரித்து, கையெழுத்துக் கட்டம் மட்டும் தெரிகிற மாதிரி அடுக்குவார். ஒரே நிமிடத்தில் நாற்பதும் முடிந்துவிடும். அந்த வேகத்தை வேடிக்கை பார்க்கவே ஆள் நிற்கும். அவருக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

டிக் போட்ட தாளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை உள்ளே தள்ளிப் பூட்டினார்.

வெளியே பெஞ்சில் நிதானத்தின் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்தாள். காலையிலிருந்து யாரும் அவளிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. வேறெதுவும் வேண்டாம், அன்றைக்கு என் வீட்டுக்காரர் வண்டியைச் சரியாகப் பார்த்தாரா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றாள்.

அவர் தாளை நீட்டி டிக்கைக் காட்டினார்.

அவள் முகம் தெளிந்தது.

"எனக்குத் தெரியும்ண்ணா. பாக்காம அவரு போடவே மாட்டாரு."

உண்மைதான். பார்க்காமல் அவன் போட்டதே இல்லை, அந்தக் கடைசிக் காலையைத் தவிர.

அதற்கு முந்தின நாள், இவர் கண்ணில் படட்டும் என்று, 'தெரியவில்லை'யைக் கையெழுத்துக் கட்டத்துக்குள்ளேயே எழுதியிருந்தான். மாலையில் பேனா அந்த இடத்தில் தடுக்கி நின்றது. மேஜைக்கு எதிரே அவனும் நின்றிருந்தான். பட்டியல்காரர் தலையைத் தூக்கவில்லை.

"இது நான் கையெழுத்துப் போடுற இடம்ப்பா. கதையெல்லாம் எழுதாத. நாளைக்கு எல்லாரையும் மாதிரி டிக்கைப் போட்டுட்டு வண்டிய எடு."

சரிங்க ஐயா என்றான் நிதானம். சொன்ன சொல்லைத் தட்டாதவன் அவன்.