கடல் பார்த்த அறை

தர்மசீலன் டெப் கணினியை மேசையில் வைத்ததும் அதன் திரையில் ஒரு கர்ப்பிணிப் பெண் சிரித்தாள். தளர்வான பூப்போட்ட சட்டை, இருபது வீதக் கழிவு, இன்றே முந்துங்கள். அறுபத்தேழு வயது மனிதர் சட்டென்று உள்ளங்கையால் திரையை மூடினார்.

நௌபர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பதினைந்து வருடமாக போன் திருத்துகிற கடை அவருடையது. மனிதர்கள் எதையெல்லாம் மூடி மறைப்பார்கள் என்று அவருக்கு அத்துப்படி.

"வெக்கப்படாதீங்க ஐயா. ஊரெல்லாம் இந்தத் தொல்லைதான். ஒண்டை ஒருக்காத் தேடினாப் போதும், பின்னால கலைச்சுக்கொண்டே வரும்."

"இந்த விளம்பரங்களைப் பற்றித்தான் கதைக்க வந்தனான், தம்பி. வெள்ளிக்கிழமை மனிசியின்ர திவசம். அதுக்கு முந்தி ஒரு வழி பண்ணித் தரவேணும்."

"எப்பயிருந்து வருது?"

"தையில தொடங்கினது. முதல்ல இஞ்சி டொபி, சத்தி, வாந்திக்கு நல்லதெண்டு. பிறகு உந்தச் சட்டை. பிறகு கால் வீக்கத்துக்கு வைக்கிற தலகணி. போன மாசம் தொட்டில்."

"எல்லாத்தையும் பாடமாக்கி வச்சிரிக்கீங்களே!"

தர்மசீலன் திரையைச் சட்டை நுனியால் துடைத்தார். துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர். உயரத்தில் ஒற்றை ஆளாய் இருந்து பழகியவர். மனைவி போன பிறகு பாலையூற்று வீட்டிலும் அதே கதைதான். ஒரு நாளில் அவரைத் தேடி வருபவை இந்த விளம்பரங்கள் மட்டுமே.

"வீட்டில வேற ஆரு இதப் பாவிக்கிற?"

"ஒருத்தருமில்லை. நான் மட்டும்தான்."

"அப்ப நீங்கதான் தொட்டில் தேடியிரிக்கிறீங்க!" என்று நௌபர் சிரித்தார். எதிரில் இருந்த முகம் சிரிக்கவில்லை. பகிடி பிழைத்துவிட்டதை உணர்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு டெப்பைத் தன் பக்கம் இழுத்தார்.

செய்தித் தளம் ஒன்றைத் திறந்து பார்த்தார். செய்தி வருவதற்கு முன்னே விளம்பரம் வந்து குந்திக்கொண்டது. கடல் பார்த்த அறை, திருகோணமலை. வெள்ளி முதல் ஞாயிறு வரை, இருவருக்கு, காலைச் சாப்பாட்டுடன்.

"இதென்ன கூத்து! திருகோணமலையில வீட்டை வச்சிக்கொண்டு ஆராவது திருகோணமலையிலயே ரூம் தேடுவானா?"

"அது முந்தநாள்தான் தொடங்கினது" என்றார் தர்மசீலன்.

"கவலைய விடுங்க. இதுல இரிக்கிற எக்கவுண்டைக் கழட்டி விட்டாச் சரி. தொட்டிலும் வராது, ரூமும் வராது."

நௌபரின் விரல் இரண்டு மூன்று இடங்களைத் தட்டியது. 'நிச்சயமாக நீக்கவா?' என்று டெப் கேட்டது. விரல் இறங்குவதற்குள் தர்மசீலன் அவருடைய மணிக்கட்டை எட்டிப் பிடித்தார். கிரேன் பிடித்த கை, நௌபருக்கு வலித்தது.

"வேண்டாம்!"

"அப்ப தொல்லை போகாதே ஐயா."

"தொல்லையெண்டு நான் எப்ப சொன்னனான்?"

நௌபர் அப்போதுதான் எக்கவுண்டின் பெயரைப் பார்த்தார். நிருசா தர்மசீலன் என்று இருந்தது.

"என்ர மகள். இது அவள் விட்டுட்டுப் போன டெப்." தர்மசீலன் பிடியைத் தளர்த்தினார். "நாலு வருசமாச்சு. விரும்பின பெடியனைக் கட்டினதுக்கு, இனி இந்த வாசலை மிதிக்காதே எண்டு நான்தான் சொன்னனான். என்ர வாய்தான் சொன்னது. இப்ப கொழும்பில இருக்கிறாள். அங்க தன்ர போனில அவள் எதைத் தேடினாலும், இஞ்ச எனக்கு அதின்ர விளம்பரம் வருது."

நௌபர் டெப்பை மெல்ல மேசையில் வைத்தார்.

"பிள்ளை வரப்போகுதெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லத் தம்பி. இஞ்சி டொபிதான் சொன்னது."

வெளியே மூதூர் பஸ்காரன் ஆட்களைக் கூவிக் கூவி ஏற்றிக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் அடங்கியதும் தர்மசீலன் தொடர்ந்தார்.

"தாயின்ர திவசத்துக்கு வாறாள். அவளுக்கு இஞ்ச பிறந்த வீடிருக்கு. ஆனா, ரூம் தேடுறாள்."

"ஒரு கோல் எடுத்துக் கதைச்சா என்ன ஐயா?"

"என்ர நம்பரைத் தடுத்து வைச்சிருக்கிறாள். கடிதம் போட்டனான், பிரிக்காமலே திரும்பி வந்தது. ஈமெயில் போட்டாலும் திறக்க மாட்டாள். திறந்து, நான் இதையெல்லாம் பாக்கிறனெண்டு தெரிஞ்சா இதையும் பூட்டிப்போடுவாள்."

"அப்ப நான் உங்களுக்கு என்னதான் செய்யிற?"

திரையில் கடல் பார்த்த அறை மறுபடியும் வந்து நின்றது. இந்த முறை தர்மசீலன் அதைக் கையால் மூடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு டெப்பை நௌபரின் பக்கம் தள்ளினார்.

"பாலையூற்றில அறை இருக்கு, தொட்டிலும் இருக்கு எண்டு நானும் ஒரு விளம்பரம் போட ஏலுமோ, தம்பி?"