ஒட்டடைக் கம்பு

ஊரடங்கின் நாற்பத்தோராம் நாள், பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். துணி அலமாரிக்குள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மெர்சி தன் மெட்டல் ராக் இசைக்குழுவின் பாட்டை உறுமிப் பதிவுசெய்தாள். மறுநாள் வெளியிடுவதாக எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. டிரம்ஸோ பூட்டிய ஒத்திகை அறைக்குள் கிடந்தது. அது இல்லாமல் பாட்டு வெறும் கத்தலாக இருந்தது.

இரண்டாவது வரியிலேயே கீழ்வீட்டுக் கோமதிநாயகம் ஒட்டடைக் கம்பால் மேல்தளத்தை இடிக்கத் தொடங்கினார். அவள் நிறுத்தவில்லை. அவரும் விடவில்லை. அவள் மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் இடித்தார்.

கெட்டுப்போன பதிவை டிரம்மர் சேவியருக்கு அனுப்பினாள். உடனே அவன் அழைத்தான்.

"யாருடி அது? என்னைவிடச் சுத்தமா வாசிக்கிறாரு!"

"வாசிக்கலடா. திட்டுறாரு."

"அப்படியே இருக்கட்டும். ஒரு இடியைக்கூட வெட்டிராத."

வீடியோவில் நான்கு கட்டங்கள். மூன்றில் குழுவினர் அவரவர் வீட்டில். நான்காவதில் மெர்சியின் வீட்டுத் தரையும், ஒவ்வோர் இடிக்கும் துள்ளும் எவர்சில்வர் டம்ளரும். அதைப் படம்பிடிக்க அவள் இன்னொரு முறை உறுமினாள், அவரும் ஏமாற்றவில்லை. கீழே எழுத்து ஓடியது: 'தாளம்: கோமதிநாயகம், கீழ்வீடு.'

வெளியான மறுநாள் அழைப்பு மணி அடித்தது. முகக்கவசத்தோடு நாலு படி தள்ளி அவர் நின்றிருந்தார். கையில் கம்பு. மெர்சி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.

"ஏட்டி, மருமவ வீடியோவக் காட்டுனா. மூணாவது இடி கொஞ்சம் பிந்திட்டு. திருப்பி எடுப்பமா?"