இடது மணிக்கட்டு

என் கணவர் கடலடியில் குழாய் பழுதுபார்ப்பவர். அவருடைய நீர்புகா உடையில் தண்ணீர் புகாமலிருக்க நான் ஒட்டிய இடது மணிக்கட்டு ரப்பர் மூன்றாவது முறையாகத் தளர்ந்திருந்தது. நேற்று அதன் வழியே உடைக்குள் தோள்வரை தண்ணீர் ஏறிவிட்டதாம். பிழைத்து வந்ததே பெரிது. ரப்பரில் நான்கு விரல்களை விட்டு நெம்பியதுபோல் தடம் இருந்தது.

"நீங்க இழுத்தீங்களா?"

"எனக்கென்ன பைத்தியமா? உன் பசைதான் மட்டம்."

எனக்குச் சுருக்கென்றது. பழையதை உரித்தெறிந்துவிட்டு இன்னும் இறுக்கமானதை ஒட்டிக் காயவைத்தேன்.

காலையில் அவர் உடையைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். முதுகு ஜிப்பை மூடப் பின்னால் ஓர் ஆள் வேண்டும். அது பாதியில் சிக்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தேன்.

"போதும்டி, என் இடது கையை விடு," என்றார். "இப்படி விரலை விட்டு நெம்பினா தளராம என்ன செய்யும்? அப்பா, என்னமா சில்லுனு இருக்கு உன் விரல்!"

என் கைகள் இரண்டும் ஜிப்பில்தான் இருந்தன.