பழசை எடுக்கச் சொன்ன போன்

ஜும்மா தொழுகை முடிந்து வீட்டுக்குள் நுழைந்த உசாமாவுக்குப் பகீரென்றது. கம்ப்யூட்டர் முன்னால் அவன் மனைவி ஹுமேரா. ஸ்பீக்கரில் போட்டிருந்த அவள் போனில் ஓர் ஆண்குரல்.

“உங்க வீட்டுக்காரரோட ஷூ கம்பெனி சிஸ்டம் டிபார்ட்மெண்ட்லேர்ந்து பேசறேன் மேடம். உங்க கம்ப்யூட்டர்ல இருக்கிற டிசைன் சாஃப்ட்வேர் ரொம்பப் பழசு. இனிமே அதுக்கு அப்டேட் வராது, வைரஸ் பூந்துடும். நான் இங்கேர்ந்தே எடுத்துடறேன்.”

“சரி சார், சொல்லுங்க.”

உசாமாவின் டிசைன்கள், பேங்க் விவரம் எல்லாம் அதில்தான் இருந்தன. ‘கட் பண்ணு’ என்று பதறிக் கையை ஆட்டினான். அவள் உதட்டில் விரலை வைத்தாள்.

“ஸ்கிரீன்ல ஒன்பது நம்பர் வந்திருக்கும். அதைப் படிங்க மேடம், நான் இங்கேர்ந்தே உங்க கம்ப்யூட்டருக்குள்ள வந்துடறேன்.”

அவள் நிதானமாகப் படித்தாள். உசாமா வயரைப் பிடுங்கப் பாய்ந்தான். அப்போதுதான் பார்த்தான். ஸ்கிரீன் இருட்டாக இருந்தது. வயர் ஏற்கெனவே தரையில் கிடந்தது.

“தப்பா வருது மேடம், திரும்பப் படிங்க!”

அவள் வேறு ஒன்பது எண்களைச் சொன்னாள். போனில் பேசியவன் ஏதோ திட்டிவிட்டு வைத்துவிட்டான்.

“இன்னா ஹுமேரா இது?”

“அதுக்கு இனிமே அப்டேட் வராதுன்னு பேப்பர்ல பார்த்து, அந்தப் பழைய சாஃப்ட்வேரைக் காலைலயே நானே எடுத்துட்டேங்க. உங்க டிசைனெல்லாம் பென் டிரைவ்ல பத்திரமா இருக்கு.”

“கம்பெனி பேரைக்கூட கரெக்டா சொல்லியிருப்பானே. ஃபிராடுன்னு எப்படித் தெரிஞ்சுது?”

ஹுமேரா அவன் தலையிலிருந்த தொப்பியைப் பார்த்துச் சிரித்தாள்.

“வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்காக உங்க கம்பெனியே லீவு. பூட்டிக் கெடக்கிற ஆபீஸ்லேர்ந்து எவன் எனக்கு போன் பண்ணுவான்?”